கடலில்லாத ஊரில் நீ எடுத்த பாடம்

இன்று காலை அறிவியல் அறையின் அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தேன். கூரை ஒழுகுகிறது, எல்லாவற்றையும் பக்கத்து அறைக்கு மாற்றுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். உடைந்த சோதனைக் குழாய்கள், துருப்பிடித்த காந்தம், ஓரம் கிழிந்த எலும்புக்கூட்டுப் படம் எல்லாவற்றையும் எடுத்த பிறகு, கடைசித் தட்டின் மூலையில் அந்தக் கண்ணாடி பாட்டில் இருந்தது. மூடியைச் சுற்றி நீ மெழுகு உருக்கி ஊற்றியிருந்தாய். உள்ளே கறுப்புச் சேறு. என்ன நினைத்தேனோ, சுரண்டித் திறந்துவிட்டேன்.

அழுகிய முட்டை நாற்றம் அறை முழுக்கப் பரவியது. வராந்தாவில் இருந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். "மிஸ், கேஸ் லீக் ஆவுதா?" என்று ஒருத்தி கேட்டாள். சிரிப்பு வந்தது. அவர்கள் போன பிறகு மூடியைத் திருகி வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

உன் ஊர் உப்பங்கழியிலிருந்து நீ கொண்டுவந்த சேறு. எந்தப் பள்ளிக்குப் போனாலும் முதலில் இதைத்தான் கைமாற்றி முகரக் கொடுப்பாய். "நாறுதா? நல்ல சேறுன்னா இப்படித்தான் நாறும். எறா, நண்டு, மீன்குஞ்சு எல்லாம் இதுலதான் பொழைக்குது" என்பாய். நீ போய் ஒன்றரை வருடம் ஆகிறது. உனக்கு எழுத வேண்டும் என்று பலமுறை உட்கார்ந்திருக்கிறேன். முதல் வரியில் என்ன போடுவது என்று தெரியாமல் எழுந்துவிடுவேன். இன்று இந்த நாற்றத்திலிருந்து தொடங்குகிறேன்.

நம் காம்பவுண்டில் ஆறு போர்ஷன்கள். உன்னுடையதும் என்னுடையதும் எதிரெதிர், நடுவில் ஒருவர் மட்டும் நடக்கக்கூடிய சந்து. நீங்கள் குடிவந்து ஒரு மாதம்வரை நான் உன்னிடம் பேசியதில்லை. கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவும் வேலை உனக்கு. உன் வீட்டுக்காரர் லோடிங் செக்ஷனில். விடியும் முன்னே கம்பெனி பஸ் வந்து இருவரையும் ஏற்றிக்கொண்டு போகும், மதியத்துக்கு மேல் திரும்பக் கொண்டுவந்து விடும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆறாம் வகுப்புக்காகச் சந்தில் சார்ட்டை விரித்து அலையாத்திக் காடு வரைந்துகொண்டிருந்தேன். புத்தகத்தில் இருந்த சின்னப் படத்தைப் பார்த்துப் பெரிதாக வரைவது. நீ தண்ணீர்க் குடத்தோடு வந்தவள் தாண்ட இடமில்லாமல் நின்றாய். நான் சார்ட்டை நகர்த்தினேன். நீ போகாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"தப்பா நெனைக்காதீங்க டீச்சர். அலை அடிக்கிற எடத்துல இதெல்லாம் வராது."

நான் நிமிர்ந்தேன். நீல நிறத்தில் பெரிய பெரிய அலைகள் போட்டு, அதன் கரையில் வரிசையாக மரங்களை நிறுத்தியிருந்தேன்.

"புத்தகத்துல கடற்கரையோரம்னுதாங்க போட்டிருக்குது" என்றேன்.

"ஓரந்தான். ஆனா கழிக்குள்ள. ஆத்துத் தண்ணியும் கடத்தண்ணியும் கலந்து, நெளிஞ்சு நெளிஞ்சு உள்ள வருமே, அங்க. எங்க ஊருல சுரபுன்னைன்னு சொல்லுவோம்." குடத்தை இறக்கி வைத்துவிட்டு, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, என் பென்சிலை வாங்கினாய். மரத்தின் வேர்கள் எப்படிக் கவிழ்த்த கூடைபோல் நிற்கும் என்று ஒரே இழுப்பில் போட்டுக் காட்டினாய். பத்து வருடமாகப் பாடம் எடுத்துக்கொண்டிருந்த நான் அந்த மரத்தை நேரில் பார்த்ததில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கே உறைத்தது. ராயக்கோட்டைப் பக்கத்து வெள்ளாமைக் காட்டில் பிறந்தவள் நான். கடலையே இரண்டு தடவைதான் பார்த்திருந்தேன்.

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாய். கடலூர்ப் பக்கத்தில் உன் ஊர். ஒரு காலத்தில் விறகுக்காக உங்கள் ஆட்களே கழியோரத்து மரங்களை வெட்டியது. வெட்டிய இடம் பள்ளமாகி, ஏறிய தண்ணீர் இறங்க வழியில்லாமல் தேங்கி, வெயிலில் காய்ந்து, தரை முழுக்க உப்புப் பூத்து, ஒரு புல்கூட முளைக்காமல் கிடந்தது. வெளியிலிருந்து சிலர் வந்து யோசனை சொல்ல, ஊர்ப் பெண்கள் சேர்ந்து கால்வாய் வெட்டினீர்கள். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இரண்டு பக்கமும் சாய்வாகச் சின்ன வாய்க்கால்கள், மீன் முள்ளைப் போல. தண்ணீர் போய்வரத் தொடங்கியதும் மரம் திரும்பி வந்தது. உனக்குப் பேச்சு வரும் என்று கண்டுபிடித்து, பக்கத்துக் குப்பங்களுக்கும் பள்ளிகளுக்கும் உன்னைக் கூட்டிப்போனார்கள். ஊர் ஊராகப் போய்ச் சொன்னாய். பிறகு ஒரு புயலில் படகு உடைந்தது. உன் வீட்டுக்காரரின் சொந்தக்காரர் ஒருவர் ஓசூரில் வேலை இருக்கிறது என்றார். வந்துவிட்டீர்கள்.

"கேன்டீன்ல யாராச்சும் பேசுவாங்களா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பேசுறாங்க. பாதி கன்னடம், பாதி தெலுங்கு. எனக்குத்தான் ஒண்ணும் வெளங்கல. நானும் சிரிச்சு வைக்கிறேன்."

அந்தக் காம்பவுண்டில் ஏன் இன்னும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று என்னைக் கேட்காத ஒரே ஆள் நீதான். அப்பா அம்மா போன பிறகு தம்பி குடும்பம் காட்டில் இருந்தது, நான் இங்கே ஒற்றை அறையில் இருந்தேன். சமைத்ததை நீ கிண்ணத்தில் கொண்டுவருவாய். அந்தக் கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பக்கூடாது என்று நானும் ஏதாவது செய்வேன். இப்படித்தான் பழகினோம். நீ கடைசிவரை என்னை டீச்சர் என்றே கூப்பிட்டாய். "வாங்க" மட்டும் எப்போதோ "வா" ஆகியிருந்தது.

ஒருநாள் ஷிஃப்டு முடிந்ததும் பள்ளிக்கு வரச் சொன்னேன். தலைமையாசிரியை ஒரு பீரியடுக்கு ஒத்துக்கொண்டார். கேன்டீனில் கேட்டு வாங்கிய இரண்டு பெரிய தட்டுகளோடு வந்து நின்றாய். அதில் நம்மூர்ச் செம்மண்ணை நிரப்பினாய். ஒன்றில் நடுவே பள்ளம் மட்டும். மற்றொன்றில் விரலால் மீன் முள் கால்வாய். இரண்டிலும் உப்புத் தண்ணீர் ஊற்றி, இரண்டு பிள்ளைகளை ஆளுக்கொரு தட்டைப் பிடித்துத் தூக்கித் தூக்கி இறக்கச் சொன்னாய். கால்வாய் இருந்த தட்டில் தண்ணீர் உள்ளே ஓடி வெளியே வந்தது. மற்றதில் பள்ளத்தில் நின்றுவிட்டது. "ரெண்டையும் மாடியில வெயில்ல வைங்க. அடுத்த வாரம் வந்து பாக்கலாம்" என்றாய். அடுத்த வாரம் பள்ளத்தைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக உப்பு. பிள்ளைகள் அதைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்கள்.

"செடி நடறதுதான் கடைசி வேலை. மொதல்ல தண்ணி போயி வர வழி பண்ணணும். வழி இருந்தா வெதை தானா மெதந்து வந்து நிக்கும்" என்றாய். நான் இருபது நிமிடம் பேசிப் புரியவைக்க முடியாததை அந்தத் தட்டு செய்துவிட்டது.

மஞ்சுளாவை நினைவிருக்கும். ஒல்லியாக, எதற்கெடுத்தாலும் எழுந்து நிற்பாளே, அவள்தான் கேட்டாள்: "அக்கா, நம்ம ஊர்ல கடலே இல்லீங்களே. நமக்கு எதுக்கு இது?"

நீ என் பக்கம் திரும்பினாய். அடுத்த வாரம் பிள்ளைகளை ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போகலாமா என்று கேட்டாய். தென்பெண்ணையில் அன்றைக்கும் கழிவு நுரை மிதந்தது. பிள்ளைகள் பார்த்துப் பழகியது, அதைப் பனி என்று விளையாடுவார்கள். நீ கரையில் நின்று ரொம்ப நேரம் பார்த்தாய்.

"இந்த ஆறு எங்க ஊருக்குப் பக்கத்துலதான் கடல்ல சேருது. உப்புத்தண்ணி மட்டும் இருந்தா சுரபுன்னைக்குப் பத்தாது, நல்ல தண்ணியும் வரணும். அது இங்கருந்துதான் வரணும்" என்றாய்.

"வருதாக்கா?" என்றாள் மஞ்சுளா.

"மழைக்காலத்துல வரும். மத்த நாள்ல எங்க, நடுவுல அணை அணையா நிக்குதே. வர்றப்ப நீங்க இதுல போடுறதும் சேந்து வரும்."

அன்றைக்குத் திரும்பும்போது பிள்ளைகள் யாரும் நுரையில் கல் எறியவில்லை.

பிறகு பக்கத்துப் பள்ளிகளில் கூப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்து, மடியில் தட்டுகளோடு கிருஷ்ணகிரிவரை போய்வந்தோம். ராயக்கோட்டையில் தக்காளி மண்டிப் பக்கம் ஒரு பள்ளியில் தாய்மார்களைக் கூட்டியிருந்தார்கள். நீ தமிழில் சொல்ல, புரியாதவர்களுக்கு நான் தெலுங்கில் சொன்னேன். முன்வரிசையில் ஒரு அம்மா கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்: "கடல்கிட்ட செடி வெச்சா எங்களுக்கு என்னாங்க ஆவப்போவுது? எங்க தக்காளி நல்லா காய்க்குமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். "தெளிக்கிற மருந்து மழையில கழுவிக்கிட்டு எங்கம்மா போவுது? எங்க வீட்டு வாசலுக்குத்தான் வருது. நான் உங்களைக் குத்தம் சொல்ல வரல. எங்க கழியக் கெடுத்ததே நாங்கதான். அடுப்பெரிக்க வெட்டுனோம். அப்பறம் நாங்களே எறங்கித் தோண்டுனோம். கெடுத்தவங்களே திருத்தலாம்னு சொல்ல வந்தேன், அவ்வளவுதான்."

நான் அதைத் தெலுங்கில் சொன்னேன். அந்த அம்மா போகும்போது ஒரு பை நிறையத் தக்காளியை உன் கையில் திணித்துவிட்டுப் போனார். பஸ்ஸில் நசுங்காமல் அதைத் தூக்கிவர நாம் பட்ட பாடு.

இதுவரைக்கும் எழுதுவது எனக்குச் சுலபம். இதற்கு மேல்தான்.

மஞ்சுளா எட்டாம் வகுப்புக்கு வந்திருந்தாள். ஒரு கம்பெனியிலிருந்து பள்ளிக்கு வந்தார்கள். நம் வகுப்பைப் பற்றிக் கேள்விப்பட்டார்களாம். சுற்றுச்சூழல் தினத்தை ஒட்டி, பிள்ளைகளைத் தங்கள் பஸ்ஸிலேயே கடற்கரைக்குக் கூட்டிப்போய் அலையாத்திக் கன்று நட வைப்பார்கள். நான் உன் ஊரைச் சொன்னேன். அவர்களும் இடம் பார்த்துவிட்டு வந்தார்கள். ஆற்றுமுகத்தை ஒட்டி, பஸ் நிற்கும் சாலையிலிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு திட்டு.

நான் சந்தோஷமாக உன் வாசலுக்கு ஓடிவந்து சொன்னேன். நீ கீரை ஆய்ந்துகொண்டிருந்தாய். கை நின்றது.

"ஜூன்லயா? வெயில்ல உப்பு ஏறிக் கெடக்கும். நடறதா இருந்தா மழை வரணும் டீச்சர்."

"அவங்களுக்கு ஜூன்லதான் வேணுமாம்."

"எடமும் சரியில்ல. அது வெறும் திட்டு. உள்ளானும் கொக்கும் மேய எறங்குற எடம். அங்க என்னைக்கும் மரம் நின்னதில்ல. கழிக்குள்ள போகச் சொல்லு. பழைய கால்வா தூந்து கெடக்கு, பசங்க கையில ஆளுக்கொரு மம்பட்டியக் குடு. அதத் தோண்டுனாலே போதும்."

நான் அவர்களிடம் கேட்டேன். கம்பெனி அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். "மேடம், கழிக்குள்ள பசங்கள இறக்கறதெல்லாம் சேஃப்டி ப்ராப்ளம். அதோட, சேறு அள்ளற போட்டோ எங்களுக்கு யூஸ் ஆவாது. கையில செடியோட நிக்கணும்."

திரும்பி வந்து உன்னிடம் என்ன சொன்னேன் என்பது எனக்கு ஒரு எழுத்து மாறாமல் நினைவிருக்கிறது. "இந்தப் பிள்ளைங்கள்ல ஒருத்தர்கூட கடலப் பாத்ததில்ல. இந்த பஸ்ஸ விட்டா வேற பஸ் வராது. ஒரு தடவை பாத்துட்டு வரட்டும். செடிதானே."

"செடிதானேன்னு நீயே சொல்றியா" என்றாய். கோபம்கூட இல்லை. கீரையை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாய். கிளம்பும் அன்று காலையில் பஸ் பக்கத்தில் நீ நிற்பதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாய். "பசங்களுக்கு நடற விதமாச்சும் தெரியட்டும்" என்றாய்.

கடலைப் பார்த்ததும் பிள்ளைகள் கைகோத்துக்கொண்டு நின்றார்கள். மஞ்சுளா மெல்லப் போய்க் குனிந்து, தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தாள். அந்த ஒரு நிமிடத்துக்காக நான் செய்தது சரி என்று அப்போது நினைத்தேன். முழுக்கத் தப்பு என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன்.

திட்டில் நடத் தொடங்கினோம். ஊர்ப் பெண்கள் சிலர் சாலையோரம் வந்து நின்றார்கள். உன்னோடு கால்வாய் வெட்டிய தனம்தான் முன்னால் நின்றாள். உன் தோழி என்று நீ எப்போதும் சொல்லும் தனம். சில வருடம் கழித்து உன்னைப் பார்க்கிறாள்.

"ஏண்டி, திட்டுல நடக்கூடாதுன்னு ஊர் ஊரா போயி சொன்னவ நீதான? இப்ப நீயே ஆளக் கூட்டிக்கினு வந்து நடறியா?"

நீ நிமிர்ந்து அவளைப் பார்த்தாய். "பசங்க வந்திருக்காங்க தனம். அப்பறம் பேசலாம்." மறுபடி குனிந்துகொண்டாய். ஒவ்வொரு பிள்ளையிடமும் போய், பக்கத்தில் முழங்காலிட்டு, கன்றைப் பிடித்துக் குழியில் நிறுத்தி, காதோரமாக ஏதோ சொல்லிக்கொண்டே போனாய். எப்படி நட வேண்டும் என்று சொல்கிறாய் என நினைத்தேன். நான் அப்போது பேனரின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போட்டோவில் அப்படித்தான் இருக்கிறேன். நீ போட்டோவில் இல்லை.

ஆகஸ்ட்டில் தனம் உனக்கு ஒரு படம் அனுப்பினாள். போனைத் தூக்கிக்கொண்டு என் வாசலுக்கு வந்தாய். திட்டில் வரிசை வரிசையாகக் குச்சிகள். ஒரு இலை இல்லை.

"எல்லாமா?" என்றேன்.

"எல்லாம்."

பிறகு நீ சொன்னாய்: "பசங்ககிட்ட சொல்லிடு டீச்சர். செத்துப்போச்சுன்னு சொல்லு. ஏன் செத்துச்சுன்னும் சொல்லு. அதுவும் பாடந்தான்."

சரி என்றேன். ஆனால் அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுத் தலைமையாசிரியை அறையில் மாட்டியிருந்தார்கள். பார்வையிட வந்த அதிகாரிகள் பாராட்டினார்கள். பிள்ளைகள் ஊரெல்லாம் போய் "நாங்க கடல்ல மரம் வெச்சிருக்கோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அடுத்த வாரம் சொல்லலாம் என்றேன். காலாண்டுத் தேர்வு முடியட்டும் என்றேன். நீ மூன்று முறை கேட்டாய். அதற்குப் பிறகு கேட்கவில்லை. பள்ளிக்கும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் போட்டிருக்கிறார்கள் என்றாய். கிண்ணம் மட்டும் வந்துபோய்க்கொண்டிருந்தது. அந்த வகுப்பு எட்டாவதை முடித்து வேறு பள்ளிகளுக்குப் போய்விட்டது. நான் சொல்லவேயில்லை.

அப்போதே உனக்கு வயிற்றில் வலி இருந்திருக்கிறது. கேன்டீனில் நின்றுகொண்டே இருப்பதால் என்று நினைத்திருக்கிறாய். கட்டி என்று தெரியும்போது நேரம் கடந்திருந்தது. உன் வீட்டுக்காரர் ஊருக்கே கூட்டிப்போய்விடலாம் என்று முடிவு செய்தார். சாமான் ஏற்றிய சின்ன வண்டியில் முன்சீட்டில், தலையணையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். சந்து முனைவரை வந்தேன். "வரட்டா டீச்சர்" என்றாய். லீவில் வந்து பார்க்கிறேன் என்றேன்.

வரவில்லை. பயிற்சி வகுப்பு, தம்பி மகள் சடங்கு, ஏதோ ஒன்று. உண்மையில் உன் ஊருக்கு வந்து அந்தத் திட்டைத் தாண்டிப்போக எனக்கு முகமில்லை. போனில் பேசினோம். கடைசியாகப் பேசிய அன்று உன் குரல் ரொம்பச் சன்னமாக இருந்தது.

"பசங்ககிட்ட சொன்னியா?"

"இல்ல."

"சரி. சாப்பிட்டியா?" என்றாய்.

அரையாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்தபோது உன் வீட்டுக்காரர் போன் செய்தார். நேற்றே எல்லாம் முடிந்துவிட்டது என்றார். நான் தேர்வு அறையில் நின்றுகொண்டிருந்தேன். பிள்ளைகள் எழுதிக்கொண்டிருந்தார்கள். மணி அடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தேன். உனக்காக அழுவதற்கு இந்த ஊரில் எனக்குத் துணை யாருமில்லை. உன்னைத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். ஆனால் யாரிடமாவது போய், எதிர் வீட்டுப் பெண் செத்துப்போனாள் என்று சொன்னால், ஐயோ பாவம் என்பார்கள், அவ்வளவுதானே.

உன் போர்ஷனுக்கு இப்போது வடக்கிலிருந்து வந்த நான்கு இளைஞர்கள் குடியிருக்கிறார்கள். நல்ல பிள்ளைகள், ஆளுக்கொரு ஷிஃப்டு. கதவு எப்போதும் சாத்தியே இருக்கும். எனக்கு ஒருத்திக்கு மட்டும் அளவாகச் சமைக்க இன்னும் கை வரவில்லை. மிஞ்சியதை மறுநாள் நானே சாப்பிடுகிறேன்.

இந்தப் பொங்கல் கழிந்து ஒரு காலையில் பஸ் ஸ்டாண்டில் மஞ்சுளாவைப் பார்த்தேன். பத்தாவது படிக்கிறாள், வளர்ந்துவிட்டாள். உன்னைப் பற்றிக் கேட்டாள். நீ இல்லை என்று சொன்னேன். பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் ரோட்டையே பார்த்தாள். அங்கேயே, அந்த பஸ் இரைச்சலில், இரண்டு வருடமாகச் சொல்லாததை அவளிடம் சொன்னேன். "மஞ்சு, நாம நட்டது ஒண்ணுகூட பொழைக்கல. அப்பவே தெரியும். உங்ககிட்ட நான் சொல்லல."

அவள் ஆச்சரியப்படவில்லை.

"தெரியுங்க மிஸ். அக்கா அன்னைக்கே சொன்னாங்க."

"எப்ப?"

"நடறப்பவே. இது நிக்காது, எடம் சரியில்ல, ஆனா நடற விதத்த நல்லா பாத்துக்கோன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் சொன்னாங்க. மிஸ்கிட்ட கேக்காதீங்க, உங்களுக்குக் கடல் காட்டணும்னுதான் மிஸ் இவ்வளவும் பண்ணியிருக்காங்க, அவங்களே சொல்லுவாங்கன்னு சொன்னாங்க. நாங்களும் நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துட்டிருந்தோம்."

அவள் பஸ் வந்து போய்விட்டது. நான் மூன்று பஸ்ஸை விட்டேன்.

இத்தனை நாளும் அந்த முப்பது பேருக்கும் தெரிந்திருந்தது. என்னைத் தவிர எல்லோரும் ஒரு பக்கம் நின்று, நான் வருவதற்காகக் காத்திருந்திருக்கிறார்கள். நீ மூன்று முறை கேட்டதும், கடைசியாகப் போனில் கேட்டதும் அவர்களுக்காக இல்லை, எனக்காக. அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு பத்தாம் வகுப்புப் பெண் வேண்டியிருந்தது. உன்மீது கோபம்கூட வந்தது. நேராகவே சொல்லியிருக்கலாமே என்று சண்டை பிடிக்க வேண்டும்போல் இருந்தது. சண்டை பிடிக்கவும் நீ இல்லை.

மறுநாள் தலைமையாசிரியையிடம் கேட்டு அந்தப் போட்டோவைக் கழற்றி வகுப்புக்கு எடுத்துப் போனேன். "இப்ப எதுக்கு டீச்சர் இதெல்லாம்" என்றார், ஆனால் தடுக்கவில்லை. பிள்ளைகளிடம் காட்டி, இதில் இருக்கும் கன்றுகளில் ஒன்றுகூட உயிரோடு இல்லை என்று சொன்னேன். ஏன் என்றும் சொன்னேன். பின்வரிசையிலிருந்து ஒருத்தி கேட்டாள்: "யாரு மேல தப்புங்க மிஸ்?"

"இடம் சரியில்லைன்னு தெரிஞ்சவங்க ஒருத்தங்க சொன்னாங்க. நான் கேக்கல" என்றேன்.

பிறகு இன்னொருத்தி, "அப்ப எப்படித்தான் பண்ணணும்?" என்றாள். ஸ்டாஃப் ரூமுக்குப் போய் உன் தட்டுகள் இரண்டையும் எடுத்து வந்தேன்.

மே மாதம் உன் ஊருக்குப் போனேன். கிருஷ்ணகிரியில் பஸ் மாறி, திருவண்ணாமலையில் மாறி, கடலூர் போய்ச் சேரச் சாயங்காலம் ஆகிவிட்டது. உன் வீட்டுக்காரர் மெலிந்திருந்தார். வேறொருவர் படகில் போகிறார். சவுக்குத் தோப்பை ஒட்டி நீ இருக்கும் இடத்தைக் காட்டிவிட்டுத் தள்ளிப்போய் நின்றுகொண்டார். பொழுது சாய்ந்தும் மணல் சுட்டது. அவ்வளவுதான் நினைவிருக்கிறது.

மறுநாள் கழிக்குப் போனேன். தனமும் இன்னும் சில பெண்களும் தூர்ந்த கால்வாயைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். தனம் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அவளுக்கு நீங்க என்னா வேணும்?"

"எதிர் வீடு" என்றேன்.

"பேனர் புடிச்சிக்கினு நின்னது நீங்கதான?"

"ஆமாங்க. நான்தான்."

பக்கத்தில் கிடந்த மம்பட்டியைக் காலால் என் பக்கம் தள்ளினாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். முழங்கால்வரை உள்ளே வாங்கியது. நான் காட்டில் களை வெட்டி வளர்ந்தவள்தான், ஆனால் அந்தச் சேறு வேறு. ஒரு கூடை அள்ளுவதற்குள் இடுப்பு விட்டுப்போனது. நான்கு நாள் தங்கி வெட்டினேன். மூன்றாம் நாள் தனம் தன் சாப்பாட்டுத் தூக்கிலிருந்து எனக்கும் பிரித்து வைத்தாள். அவள் மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. கேட்கவுமில்லை.

அமாவாசையன்று தண்ணீர் அதிகமாக ஏறும், அன்றைக்குக் கால்வாயின் வாயை வெட்டிவிடுவோம் என்றாள். அதற்காகவே நான்காவது நாளும் இருந்தேன். காலையில் வெயில் ஏறும் நேரம் கடைசி அடைப்பைக் கொத்தி எடுத்தார்கள். தண்ணீர் பெரிதாகப் பாய்ந்து வரவில்லை. பழுப்பாக, மெல்ல, நடுக்கால்வாயில் ஊர்ந்து வந்தது. முதல் கிளை வந்ததும் தயங்கி நின்று, பிறகு உள்ளே திரும்பியது. பெண்கள் கையைக் கழுவிக்கொண்டு வெற்றிலையைப் பிரித்தார்கள். அவர்களுக்கு இது எத்தனையாவது கால்வாயோ. எனக்கு மட்டும் யாரிடமாவது "பாத்தியா, உள்ள போவுது பார்" என்று சொல்ல வேண்டியிருந்தது. திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பள்ளி திறந்து வழக்கம்போல் ஓடுகிறது. மஞ்சுளா சனிக்கிழமைகளில் சில நேரம் வருகிறாள். தட்டுகளில் அவளே மண் நிரப்பிக் கால்வாய் போடுகிறாள், என்னைவிட நன்றாக. நான் இப்போது காலண்டரில் அமாவாசையையும் பௌர்ணமியையும் பார்த்து வைக்கிறேன். அந்த நாட்களில் காலை வழிபாட்டுக்கு மணி அடிக்கும்போது, வெளியே கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருக்கும்போது, கழியில் தண்ணீர் ஏறும் நேரம் என்று மனது தானாகச் சொல்கிறது. எத்தனையாவது கிளைவரை போயிருக்கும், விதை ஏதாவது மிதந்து வந்து தட்டியிருக்குமா என்று நினைத்துக்கொண்டே பிள்ளைகளோடு நிற்கிறேன். தனத்தின் நம்பர் என்னிடம் இருக்கிறது. போன் போட்டுக் கேட்டால் சொல்லிவிடுவாள். இதுவரை கேட்டதில்லை. உன்னிடம் கேட்டுப் பழகியதை இன்னொருத்தரிடம் கேட்க எனக்கு இன்னும் வாய் வரவில்லை.